பூவன் வாழையின் வம்ச விருத்தாந்தம்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, வடகிளைக்குக் கொள்ளிடம் என்ற பெயரைக் கொடுத்துவிட்டுத் தென்கிளையில் தன் பழைய பெயரோடேயே நடந்து, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் என்னும் இரண்டு க்ஷேத்திரங்களையும் நடுவே ஒரு தீவாக வைத்துக் காத்துவருகிறது. அந்தத் தீவிலும், தென்கரையில் ஜீயபுரத்திலிருந்து பெட்டவாய்த்தலை வரையிலும், வடகரையில் முசிறி, தொட்டியம் பக்கத்திலும், கொள்ளிடத்துக்கு அப்பால் லால்குடிச் சுற்றுவட்டாரத்திலும், வண்டல் படிந்த நிலங்களில் நெல்லுக்கு இணையாகக் கண்ணில் படுவது வாழைத் தோட்டமே. கல்யாண வீட்டு வாசலில் குலை தள்ளிய மரமாக நிற்பதும், பந்தியில் இலையாக விரிவதும், புஷ்பக் கடையில் பூத்தொடுக்கும் நாராக உதவுவதும், தாம்பூலத் தட்டில் பழமாக அமர்வதும் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பூவன் வாழைதான்.

அந்தப் பூவன் பழம் ஒன்றை உரித்து, குறுக்கே வட்டமாக அரிந்து, வெளிச்சத்தில் வைத்துச் சற்று நிதானமாகப் பாருங்கள். வெண்மையான சதையின் நடுவே மூன்று அறைகளின் சுவடும், அவற்றை ஒட்டிக் கடுகினும் சிறிய பழுப்புப் புள்ளிகளும் தென்படும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு விதையாக வேண்டிய சூல், ஆகாமலே நின்றுவிட்டது. காட்டுவாழையின் பழத்தைப் பிளந்தாலோ, அதே இடத்தில் கல்போன்ற கறுத்த விதைகள் நெருக்கமாக நிறைந்திருக்க, சதை பேருக்குத்தான் இருக்கும். விதை இல்லாத ஒரு கனி, தலைமுறை தலைமுறையாகத் தன் நிறத்தையும் மணத்தையும் புளிப்பு கலந்த இனிப்பையும் அணுவளவும் மாறாமல் எப்படிக் காப்பாற்றி வருகிறது? காட்டுவாழையில் உண்டான விதை இதில் ஏன் உண்டாகாமல் போயிற்று? இவ்விரண்டு கேள்விகளையும் முறையாகத் தொடர்ந்து சென்றால், பெற்றோரின் லட்சணங்கள் பிள்ளைகளிடம் வந்து சேரும் விதம் முழுவதையும், நம் கொல்லையிலுள்ள ஒரு வாழை மரத்தைக் கொண்டே அறிந்துகொண்டுவிடலாம்.

உயிரணுவுக்குள் இருக்கும் ஏடு

வாழையாயினும், யானையாயினும், மனிதனாயினும், உடம்பு என்பது கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி உயிரணுக்களின் கூட்டம். அநேகமாக ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் உட்கரு என்று ஒரு பகுதி உண்டு. அந்த உட்கருவில், உயிரணு இரண்டாகப் பிரியப் போகும் சமயத்தில் மட்டும், சாயம் ஏற்றிப் பார்த்தால் நுண்பெருக்கியின் கீழ் சிறு குச்சிகளைப் போலத் தெளிவாகத் தெரிபவை குரோமோசோம்கள். ஒவ்வொரு குரோமோசோமிலும் சுருண்டு கிடப்பது டி.என்.ஏ. என்னும் மிக நீண்ட இழை. மனிதனின் ஓர் உயிரணுவில் உள்ள அத்தனை டி.என்.ஏ. இழைகளையும் நீட்டி ஒன்றோடொன்று சேர்த்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும் என்றால், அந்தச் சுருக்கத்தின் நுட்பத்தை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த இழை ஒற்றை இழையன்று. ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய இரட்டை இழை. ரோசலிண்ட் பிராங்க்ளின் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்கள் பெரிதும் துணைசெய்ய, 1953-இல் வாட்சன், கிரிக் என்ற இருவர் இந்த அமைப்பை உலகுக்கு எடுத்துரைத்தனர். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கே பொருள்கள் இவ்விழையில் மாறி மாறி வரிசையாக வருகின்றன. ஓர் இழையில் அடினின் இருக்கும் இடத்துக்கு நேரே மற்ற இழையில் தைமினும், குவானினுக்கு நேரே சைட்டோசினும் தவறாமல் நிற்கின்றன. ஆகையினால் இரண்டு இழைகளும் பிரியும்போது ஒவ்வொன்றும் தனக்குரிய துணையைத் தானே மீண்டும் அமைத்துக்கொள்ள முடிகிறது, ஒன்று இரண்டாகிறது, உயிரணு பிரியும்போது இரண்டு பாதிகளுக்கும் குறைவின்றிப் பங்கு கிடைக்கிறது.

இந்த நான்கு பொருள்களையும் எழுத்துக்கள் என்று சொல்வது விஞ்ஞானிகளின் வழக்கம். மூன்று மூன்று எழுத்துக்களாகச் சேர்ந்து அவை எந்தப் புரதத்தை எவ்வாறு கோக்க வேண்டும் என்று ஆணையிடுகின்றன. அந்த மூவெழுத்துக் குறிகளின் பொருளைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர், பஞ்சாபில் ஒரு சிற்றூரில் பிறந்து 1968-இல் நோபல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் குரானா. இவ்வாறு ஒரு புரதத்துக்கோ, ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கோ உரிய ஆணை அடங்கிய பகுதிதான் ஜீன். இன்று நாம் மரபணு என்று வழங்குவது. ஆக, மரபணு என்பது டி.என்.ஏ.யின் ஒரு பகுதி, டி.என்.ஏ. சுருண்டிருக்கும் வடிவம் குரோமோசோம். குரோமோசோம்களின் முழுத் தொகுதியே அந்த உயிரின் பரம்பரைச் சொத்து.

பழைய மடங்களிலும் கோயில்களிலும் செல்லரித்துப் போகும் ஓலைச் சுவடிகளை, அடுத்த தலைமுறைக்கென்று புதிய ஓலையில் பெயர்த்தெழுதி வைத்தார்கள் அல்லவா? டி.என்.ஏ.யின் காரியமும் அத்தகையதே. பெயர்த்தெழுதுகிறவர் எவ்வளவு கவனமுள்ளவராயினும், நூறு ஏடுகளில் எங்கேனும் ஓர் எழுத்து பிறழ்ந்துவிடுவதும், அந்தப் பிறழ்ச்சி அதற்குப் பின் எழுதப்படும் பிரதிகளிலெல்லாம் தொடர்ந்து வருவதும் இயல்பு. உயிரின் ஏட்டிலும் அப்படியே நேர்கிறது. அந்தப் பிறழ்ச்சிகளுள் பல ஒரு விளைவும் இல்லாதவை, சில தீமையானவை, அபூர்வமாகச் சில, புதிய அழகையும் புதிய வலிமையையும் கொண்டுவருபவை.

தாய்க்கு ஒரு பங்கு, தந்தைக்கு ஒரு பங்கு

மனிதருக்குக் குரோமோசோம்கள் 46. நெடுங்காலம் 48 என்றே எண்ணி வந்தவர்கள், 1956-இல் ஜியோ, லெவான் என்ற இருவர் நுட்பமாக எண்ணிக் காட்டிய பிறகே சரியான தொகையைத் தெரிந்துகொண்டனர். இந்த 46-உம் 23 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. கரு உண்டாவதற்கென்று தாயிடத்தில் அண்டமும் தந்தையிடத்தில் விந்தணுவும் உருவாகும்போது மட்டும், ஜோடிகள் நேருக்கு நேர் வந்து நின்று, தம்முள் சில பகுதிகளைப் பரிமாறிக்கொண்டு, பின்பு இருபுறமாகப் பிரிந்து 23-ஆகக் குறைகின்றன. எந்த ஜோடியில் எது எப்பக்கம் போகும் என்பதற்கு நியதி இல்லை. ஆகவேதான் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும், ஒருகரு இரட்டையரைத் தவிர, எந்த இருவரும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

தாய் தந்த மரபணுவும் தந்தை தந்த மரபணுவும் வேறுபட்டால் எது வெல்லும்? இரத்தப் பிரிவையே உதாரணமாகக் கொள்வோம். ஏ, பி, ஓ என்னும் மூன்று வகைகளுள் ஏதேனும் இரண்டு ஒவ்வொருவரிடத்தும் உண்டு. ஏ-யும் பி-யும் தம் குணத்தை வெளிக்காட்டுபவை. ஓ மறைந்து நிற்பது. ஆதலால் ஏ பிரிவினரான தாயும் ஏ பிரிவினரான தந்தையும் தம்முள் ஆளுக்கோர் ஓ-வை மறைவாக வைத்திருந்தால், அவர்களுக்கு ஓ பிரிவுக் குழந்தை பிறப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. தாத்தாவின் சாயல் பிள்ளையிடம் தோன்றாமல் பேரனிடம் தோன்றுவது எப்படி என்று குடும்பங்களில் வியந்து பேசுவதற்கு இதுவே ஒரு சமாதானம். பட்டாணிச் செடிகளைக் கொண்டு இந்த விதியை முதலில் வகுத்தவர் மெண்டல் என்ற பாதிரியார். 1866-இல் அவர் அச்சிட்ட கட்டுரையின் அருமை 1900-ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரியவந்தது. எனினும் எல்லா லட்சணங்களும் இவ்வளவு எளிதாக அடங்குபவை அல்ல. உயரம், மேனி நிறம், சர்க்கரை வியாதிக்கு இடங்கொடுக்கும் சுபாவம் ஆகியவை பற்பல மரபணுக்கள் கூடி, உணவும் சூழ்நிலையும் உடன்சேர்ந்து விளைவிப்பவை.

மூன்றில் அகப்பட்ட வாழை

இனி வாழைக்கு வருவோம். வாழையின் அடிப்படைத் தொகுதி 11 குரோமோசோம்கள். காட்டுவாழைக்கு அவை இரண்டிரண்டாக 22. பூவனுக்கோ 33. இதை எண்ணுவதற்கு, உயிரணுக்கள் விடாமல் பிரிந்துகொண்டிருக்கும் வேர்நுனியை நறுக்கி, மருந்தில் பதப்படுத்தி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் மெல்ல நசுக்கி, நுண்பெருக்கியில் பார்க்க வேண்டும். பொறுமையும் கைநேர்த்தியும் வேண்டிய இந்த வித்தையில் உலகப் புகழ் பெற்றவர், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் படித்து, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஜானகி அம்மாள். பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகைகளைத் திரட்டி, டார்லிங்டன் என்ற ஆங்கில விஞ்ஞானியுடன் சேர்ந்து 1945-இல் அவர் வெளியிட்ட நூல், அத்துறையில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் கைவிளக்காக இருந்தது.

33 என்பது மூன்று தொகுதி. எப்போதோ ஒரு காலத்தில், ஒரு வாழையின் சூல் தன் 22-ஐயும் பாதியாகக் குறைத்துக்கொள்ளத் தவறி, 11 உடைய மகரந்தத்தோடு கூடியதால் இந்த மூன்று தொகுதி உண்டாயிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் கொள்கை. இரண்டாக இருந்தால் ஜோடி சேர்ந்து சமமாகப் பிரியலாம். மூன்றாக இருந்தால் ஒன்று எந்தப் பக்கம் போவது? ஒரு சூலுக்கு அதிகமும் மற்றொன்றுக்குக் குறைவுமாகப் போய்ச் சேர, சூலும் மகரந்தமும் பெரும்பாலும் பயனற்றுப் போகின்றன. விதை உண்டாகாமைக்கு இது ஒரு காரணம். ஆனால் விதை உண்டாகாவிட்டால் மற்றச் செடிகளில் காயும் உதிர்ந்துபோகுமே. வாழையில் மட்டும் ஏன் சதை பற்றுகிறது? மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் காய் பருக்கும் ஒரு குணத்தை அதன் மரபணுக்கள் தனியாகப் பெற்றிருக்கின்றன. ஏலக்கி என்று நாம் சொல்லும் நெய்ப்பூவனும், கன்னியாகுமரிப் பக்கத்து மட்டியும் 22 குரோமோசோம்களோடேயே விதையின்றிப் பழுப்பது, இந்த இரண்டாவது காரணத்தின் வலிமையைக் காட்டுகிறது.

அந்த மூன்று தொகுதிகளும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை அல்ல. நாம் உண்ணும் வாழைகளில் மிகப் பெரும்பாலானவை மூசா அக்யுமினேட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரண்டு காட்டுக்குலங்களின் வாரிசுகள் என்று டிரினிடாடு தீவில் ஆராய்ந்த சீஸ்மன் 1940-களில் தெளிவாக்கினார். முதல் குலத்தின் தொகுதியை ஏ என்றும், இரண்டாம் குலத்தின் தொகுதியை பி என்றும் குறிப்பது வழக்கமாயிற்று. பச்சை வாழையும் செவ்வாழையும் ஏ.ஏ.ஏ.; பூவன், ரஸ்தாளி, நேந்திரன், பச்சநாடன், பழனி மலைப் பக்கத்து விருப்பாட்சி ஆகியவை ஏ.ஏ.பி.; மொந்தனும் கற்பூரவல்லியும் ஏ.பி.பி. மேற்சொன்ன நெய்ப்பூவன் ஏ.பி. ஏ-யின் வழியில் இனிமையும் விதையின்மையும் வந்தன என்றும், பி-யின் வழியில் மாவுப்பசையும் வறட்சியைத் தாங்கும் திடமும் வந்தன என்றும் பொதுவாகக் கூறுவர். கறிக்கு மொந்தன் உதவுவதற்கும், தண்ணீர் சற்றுக் குறைந்தாலும் கற்பூரவல்லி தளராமல் நிற்பதற்கும் இதுவே விளக்கம்.

1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்ற இருவர், நுண்பெருக்கியின் துணையின்றியே ஒரு வாழையின் வம்சத்தைக் கண்டறிய 15 லட்சணங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் வகுத்தார்கள். முழுவதும் ஏ குலத்தின் சாயலாயின் கூட்டுத்தொகை 15. முழுவதும் பி குலத்தின் சாயலாயின் 75. தோட்டத்துக்குப் போகிறவர் எவரும் இவற்றுள் சிலவற்றைத் தாமே பார்க்கலாம். இலைக்காம்பின் மேற்புறத்தில் ஓடும் பள்ளத்தைக் கவனியுங்கள்: பச்சை வாழையில் அதன் இரு விளிம்புகளும் அகன்று விரிந்திருக்கும், கற்பூரவல்லியில் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று நெருங்கும். தண்டைப் பாருங்கள்: ஏ குலத்தின் சாயல் மிகுந்தால் கரும்பழுப்புத் திட்டுகள் அடர்ந்திருக்கும், பி மிகுந்தால் அவை குறைந்தோ, இல்லாமலோ போகும். பூவின் மடல் விரிந்தபின் பின்னோக்கிச் சுருண்டால் ஏ. சுருளாமல் தூக்கி நின்றால் பி. பூவனுக்கென்றே ஒரு தனி அடையாளமும் உண்டு: இலையின் நடுநரம்பை அடிப்புறத்தில் திருப்பிப் பார்த்தால் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். பழமே தள்ளாத கன்றாயினும் கைதேர்ந்த விவசாயி அதைக் கொண்டே இனம் சொல்லிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத மரபணு, நரம்பின் நிறமாகவும் மடலின் வளைவாகவும் பிரத்தியட்சமாகி நிற்பதை இதைவிடத் தெளிவாக எங்கே காண்பது?

பின்னர் 2012-இல், ஏ குலத்து வாழை ஒன்றின் டி.என்.ஏ. முழுவதையும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு படித்து வெளியிட்டது. ஒரு தொகுதியில் ஏறத்தாழ 52 கோடி எழுத்துக்களும், 36,000-க்கு மேற்பட்ட மரபணுக்களும் இருப்பதாகத் தெரிந்தது. மனிதனின் தொகுதியில் எழுத்துக்கள் சுமார் 300 கோடி. ஆனால் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 தாம். எண்ணிக்கையைக் கொண்டு உயர்வு தாழ்வு சொல்வதற்கில்லை என்பதை வாழை நமக்குப் பணிவோடு உணர்த்துகிறது.

மாறாமையின் இனிமையும் ஆபத்தும்

விதை இல்லாத வாழை எவ்வாறு பெருகுகிறது என்பதை நம் விவசாயிகளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து பக்கக் கன்றுகள் புறப்படுகின்றன; அவற்றுள் ஈட்டிபோன்ற குறுகிய இலையும் பருத்த அடியும் உடைய கன்றைத் தேர்ந்து, கிழங்கோடு பெயர்த்து நடுகிறார்கள். இதில் ஆண் பெண் சேர்க்கை இல்லை. குரோமோசோம்கள் பாதியாகக் குறைவதும் இல்லை. 33-உம் அப்படியே கன்றுக்குப் போகின்றன. ஆகவே லால்குடித் தோட்டத்துப் பூவனும் தொட்டியத்துப் பூவனும் உறவினர் என்பதுகூடப் பொருந்தாது. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் தோன்றிய ஒரே செடி, பல்லாயிரம் இடங்களில் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறது என்பதே சரி. மணமக்களை வாழையடி வாழையாக வாழ்க என்று ஆசீர்வதிக்கிறோம். ஆனால் மனிதக் குழந்தை ஒன்று பிறக்கும்போது நடப்பது வேறு. அங்கே இரண்டு ஏடுகள் கலந்து மூன்றாவது ஒன்று, முன் ஒருபோதும் இல்லாதது, எழுதப்படுகிறது.

எழுத்துப் பிறழ்ச்சி மட்டும் வாழையையும் விடுவதில்லை. செவ்வாழைத் தோட்டத்தில் எப்போதாவது ஒரு கன்று, தண்டும் பழமும் பச்சையாகவே தலையெடுப்பதைக் காணலாம். குருத்தில் உள்ள உயிரணு ஒன்றில் நிறத்துக்குரிய ஆணை மாறியதன் விளைவு அது. அவ்விதம் தற்செயலாக நேர்ந்த மாற்றங்களைக் கண்டுபிடித்து, ஒதுக்கி, தனி இனமாகப் பேணிய பெருமை, பெயர் அறியப்படாத நம் முன்னோர்களைச் சாரும். தமிழ்நாட்டில் இத்தனை வாழைகள் இருப்பதற்கு அவர்களுடைய கூர்ந்த பார்வையே பெருங்காரணம்.

ஒன்றுபோல் இருப்பதால் ருசி மாறுவதில்லை, விளைச்சலை முன்கூட்டிச் சொல்ல முடிகிறது, வியாபாரத்துக்கும் சௌகரியம். ஆனால் ஒரு செடியை வீழ்த்தக் கற்றுக்கொண்ட நோய், அதே ஏட்டை உடைய எல்லாச் செடிகளையும் வீழ்த்தத் தெரிந்துகொண்டதாகிறது. மத்திய அமெரிக்காவில் குரோ மிஷேல் என்ற ஒரே இனத்தைப் பெருந்தோட்டங்களாக நட்டு உலகெங்கும் ஏற்றுமதி செய்தார்கள். மண்ணில் வாழும் பூசணம் ஒன்றினால் வரும் பனாமா வாடல் நோய் அந்த இனத்தைத் தொடர்ந்து தாக்க, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த வியாபாரமே முறிந்து, காவண்டிஷ் என்னும் பச்சை வாழைக் குழுவுக்கு மாறவேண்டியதாயிற்று. திசு வளர்ப்புக் கன்றுகளாக இன்று நம் பக்கத்தில் பரவியிருக்கும் ஜி-9 அந்தக் குழுவைச் சேர்ந்ததுதான். அதையும் கொல்லவல்ல புதிய வகைப் பூசணம் ஒன்று தென்கிழக்கு ஆசியாவிலிருந்து புறப்பட்டு, பீகார் வரையிலும் வந்துவிட்டது.

நம் காவிரிக்கரையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ரஸ்தாளி ஏ.ஏ.பி.; பூவனும் ஏ.ஏ.பி. இரண்டையும் ஒரே வயலில் நட்டு, ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பாய்ச்சினாலும், வாடல் நோய் உள்ள மண்ணில் ரஸ்தாளியின் இலைகள் அடியிலிருந்து மஞ்சளித்து, காம்பொடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கிவிட, பூவன் பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. மண் ஒன்று, நீர் ஒன்று, உழவர் கை ஒன்று. வேறுபட்டது மரபணு ஒன்றே. ஆனால் பூவனுக்கும் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அதன் இலைகளில் மஞ்சள் கோடுகளை எழுப்பும் வைரஸ் ஒன்றின் டி.என்.ஏ., பி குலத்திலிருந்து வந்த குரோமோசோம்களிலேயே புகுந்து கலந்திருப்பதாக 2005-இல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. இவ்வகை வைரஸ்களுள் சில, செடிக்குக் கஷ்டம் நேரும் காலத்தில் அந்த உறைவிடத்திலிருந்தே எழுந்து நோயாக வெளிப்படவும் கூடும். பிதுரார்ஜிதத்தில் செல்வம் மாத்திரமே வரும் என்பதில்லை.

இந்த நியாயம் மனிதருக்கும் பொருந்தும். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் வடிவ இரத்த அணுக்களைக் கண்டறிந்தனர். இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் புரதத்தின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அது உண்டாகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் கொடிய வியாதி. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் வியாதியில்லை, அன்றியும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. இவ்விதம் மறைந்து நிற்கும் மரபணுக்கள் ஏதேனும் சில நம் ஒவ்வொருவரிடத்தும் உள்ளன. நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்ளும்போது, ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே மரபணு இருபுறமும் கூடிவரும் வாய்ப்பு பெருகுகிறது. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு எந்த ஒரு மரபணுவிலும் அந்த வாய்ப்பு 16-இல் 1. தாய்மாமனை மணந்தால் 8-இல் 1. அத்தகைய குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே பிறக்கிறார்கள் என்பதும் மெய். ஆயினும் குடும்பத்தில் பரம்பரை வியாதி தெரிந்திருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன் மரபியல் அறிந்த டாக்டரைக் கலந்து கொள்வது, சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்ற பாசத்துக்கு எவ்விதத்திலும் விரோதமாகாது.

காப்பாற்ற வேண்டிய களஞ்சியம்

வாழைகளை இனம் பிரித்து ஆராயும் வேலை நம் நாட்டில் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1949-இல் ஆடுதுறையில் வாழை ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. 1952-இல் சென்னை அரசாங்க அச்சகம் வெளியிட்ட கே.சி. ஜேக்கப்பின் நூல், அன்றைய மாகாணத்து வாழைகளையெல்லாம் வரிசைப்படுத்தி விவரித்தது. 1993 ஆகஸ்டு 21 அன்று, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைத் திருச்சிராப்பள்ளியில் நிறுவியது. தோகைமலைச் சாலையில் தாயனூர் அருகே உள்ள அந்த மையத்தின் தோட்டத்தில், காட்டுவாழைகள் உட்பட நூற்றுக்கணக்கான வாழைகள் உயிரோடு பாதுகாக்கப்படுகின்றன. நெல்லாயின் விதையைக் குளிர் அறையில் வைத்துவிடலாம். விதையற்ற வாழையை ஆண்டுதோறும் கன்று பிரித்து நட்டோ, திசு வளர்ப்புக் குழாய்களில் இளந்தளிராக வைத்தோதான் காப்பாற்ற வேண்டும். அந்த மையத்திலிருந்து கற்பூரவல்லி வகையில் உதயம், காவேரி கல்கி என்ற இனங்களும், கறிக்குரிய காவேரி சபாவும் விவசாயிகளுக்குக் கிடைத்திருக்கின்றன.

நல்ல பழமும் நோயெதிர்ப்பும் ஒருங்கே உடைய புதிய வாழையை உண்டாக்குவது மிகுந்த சிரமமான காரியம். விதையற்ற இனங்களைக் கலப்பதெப்படி? ஆயிரக்கணக்கான பூக்களில் காட்டுவாழையின் மகரந்தத்தைக் கையால் தடவினால், எங்கேனும் சில விதைகள் அபூர்வமாகப் பிடிக்கும். அவற்றையும் மண்ணில் போட்டால் முளைப்பது அரிதாதலால், கருவை மட்டும் தனியே எடுத்து ஆய்வகத்தில் வளர்க்க வேண்டும். வளர்ந்த கன்று தார் போட்டுப் பழம் கண்ட பிறகே தேறுமா, தேறாதா என்பது தெரியும். கோயம்புத்தூரில் இவ்விதம் முயன்று 1980-களில் வெளியிட்ட கோ-1 என்ற இனத்திலும் பி குலத்துக் காட்டுரத்தம் கலந்திருக்கிறது. மரபணுக்களின் வரிசை இன்று தெரிந்திருப்பதால், கன்றின் இளம் இலையிலேயே டி.என்.ஏ.யைச் சோதித்து, வேண்டிய குணம் வந்திருக்கிறதா என்று பார்க்கும் முறைகள் உருவாகிவருகின்றன. காத்திருக்கும் ஆண்டுகள் அதனால் குறையும்.

ஆனால் சோதிப்பதற்கும் கலப்பதற்கும் முதலில் அந்தக் குணம் எங்கேனும் ஒரு செடியில் உயிரோடு இருந்தாக வேண்டும். ரஸ்தாளியை வாடலிலிருந்து மீட்கும் மரபணு, உண்ணத் தகாதென்று நாம் ஒதுக்கிய ஏதேனும் ஒரு காட்டுவாழையில் இருக்கலாம்; சந்தையில் விலைபோகவில்லை என்று கைவிட்ட ஒரு நாட்டு வாழையிலும் இருக்கலாம். எந்த விஞ்ஞானியும் இல்லாத மரபணுவைத் தேடி எடுத்துத் தர முடியாது. ஆகையினால் வயல் முழுவதும் ஒரே இனத்தை நடுகிறவர்கள், வரப்போரத்திலேனும் வேறு இரண்டு மூன்று இனங்களுக்கு இடம் கொடுக்கட்டும். கொல்லையுள்ள வீடுகளில் பாட்டனார் காலத்து வாழை ஒன்று இருக்குமாயின், அதன் கன்றை அக்கம்பக்கத்தாருக்கும் பகிர்ந்து கொடுக்கட்டும். ஆராய்ச்சி மையங்களின் வாழைத் தொகுப்புகளுக்கு வேண்டிய நிலத்தையும் பொருளையும் அரசாங்கம் குறைவின்றி அளிக்கட்டும். பந்தியில் பரிமாறப்படும் அந்த ஒரே ருசி நீடிக்க வேண்டுமானால், அதற்கு அரணாகப் பலவகை வாழைகள் நம் மண்ணில் வேர்விட்டு நின்றாக வேண்டும்.